ஹஜ்ரத் ஓடலாமா?

வணிகர் தம் கணக்கை மார்ச் மாதத்தில் முடிக்கின்றனர். மதரஸாக்களோ ஷஃபானில் ஏட்டை மூடி ஷவ்வாலில் திறக்கின்றன. நம்மிடம் இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது கணக்கு ஒன்று உண்டு. முஹர்ரமில் தொடங்கித் துல்ஹஜ்ஜில் முடியும் ஓட்டக் கணக்கு அது. ஹிஜ்ரி 1446-ஆம் ஆண்டில், அதாவது 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை, நாம் நான்கு பந்தயங்களில் ஓடினோம். நேரம் குறிக்கப்பட்ட மூன்றிலும் முந்தைய ஆண்டைவிடப் பிந்தியே வந்து சேர்ந்தோம். நான்காவதில் நேரமே குறிக்கவில்லை. ஆயினும் நாம் ஓடத் தொடங்கிய நாள் முதல் இவ்வளவு பொருள் பொதிந்த ஆண்டு ஒன்று வாய்த்ததில்லை. அது எங்ஙனம் என்பதைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும்.

ஓதிக் கொடுப்பது நம் தொழில். குடமுருட்டி ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றின் மதரஸாவில் முப்பது ஆண்டுகளாக நஹ்வும் ஸர்ஃபும் ஃபிக்ஹும் நடத்தி வருகிறோம். தமிழ் யாப்பு கேட்டு வரும் பிள்ளைகளும் ஓரிருவர் உண்டு. அமர்ந்து பார்க்கும் தொழில் அது. நாற்பத்தெட்டாம் வயதில் இரத்தத்தில் சர்க்கரை ஏறியது. மருத்துவர் நடக்கச் சொன்னார், நடந்தோம். நடை எந்த நாளில் ஓட்டமாயிற்று என்பது நமக்கே விளங்கவில்லை. பாடத்துக்கு நேரமாகிவிடுமே என்ற அவசரந்தான் முதன்முதலில் நம்மை ஓட வைத்திருக்க வேண்டும். தொப்புள் முதல் முழங்கால் வரை மறைந்திருக்க வேண்டும் என்பதால் கணுக்கால் வரை நீண்ட தளர்வான கால்சட்டை. மேலே முழுக்கைச் சட்டை. தலையில் வெள்ளைத் தொப்பி. பந்தயக்காரர் தரும் பனியன்களில் வங்கிகளின் பெயரும் இன்னபிறவும் அச்சாகியிருப்பதால் அவற்றை நாம் உடுத்துவதில்லை. அவை வீட்டில் தரை துடைக்க நன்கு பயன்படுகின்றன.

முப்பத்தைந்து வயதைக் கடந்த ஓட்டக்காரரை மேலைநாட்டார் முதுவோர் பிரிவு என வகுத்து, ஐந்தைந்து ஆண்டாக அடுக்கி வைத்திருக்கின்றனர். 1975-இல் கனடாவின் டொராண்டோ நகரில் இத்தகையோர்க்கு முதல் உலகப் போட்டி நடந்தது. 1977-இல் அவர்களுக்கென ஓர் உலக அமைப்பே தோன்றியது. அடுக்கு வைத்ததில் ஓர் இரக்கம் இருக்கிறது. இதயம் அடிக்கக்கூடிய உச்ச எண்ணிக்கை ஆண்டுக்கு ஏறத்தாழ ஒன்று வீதம் குறைந்துகொண்டே போகிறது. எவ்வளவு பயின்றாலும் அதை நிறுத்த இயலாது. ஐம்பத்தைந்து வயதினரை முப்பது வயதினரோடு நிறுத்தி அளப்பது நீதியன்று என்பதை அவர்கள் உணர்ந்திருக்கின்றனர். ஆனால் அவர்கள் எண்ணுவது சூரிய ஆண்டை. பிறையாண்டு பதினொரு நாள் குறைவானதாகையால் அந்தக் கணக்கில் நமக்கு 1446-லேயே ஐம்பத்தைந்து நிறைந்துவிட்டது. ஆதார் அட்டையிலோ ஐம்பத்து நான்கு. “பிறைக் கணக்கில் நாம் அடுத்த பிரிவைச் சேர்ந்தவர்” என்று எண் அட்டை வழங்கிய இளைஞரிடம் சொன்னோம். அவர் மரியாதையாகச் சிரித்துவிட்டு அட்டையைத் திருப்பித் தந்தார். எந்தப் பிரிவில் ஓடினாலும் பரிசுக்கும் நமக்கும் வெகு தொலைவு என்பதால் வழக்காடவில்லை.

இனி நிகழ்ந்தவற்றுக்கு வருவோம். அந்த முஹர்ரம் மாதம் ஆற்றில் நீரில்லாமல் தொடங்கிற்று. ஜூன் 12-இல் திறக்கப்பட வேண்டிய மேட்டூர் அணை அவ்வாண்டு ஜூலை 28-இல்தான் திறக்கப்பட்டது. வெறும் மணலை ஒட்டிய கரையில் நாம் தனியே ஓடிக்கொண்டிருந்த நாட்களில் துணைவியார்க்கு ஒரு சோதனை செய்தார்கள். மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைச் சொல்லும் இரத்தச் சோதனை. 6.5 எட்டினாலே நோய் என்று வகுத்திருக்கும் அளவில் அவர்க்கு 9.4 இருந்தது. மாத்திரை கூட்டப்பட்டது. நடக்கவும் சொல்லப்பட்டது. வீட்டுக் கொல்லையில் நடந்தால் போதாதா என்று அவர் கேட்டார். கொல்லை இருபதடி. இருபதடியில் திரும்பித் திரும்பி நடப்பவர்க்குத் தலை சுற்றுமே அன்றிச் சர்க்கரை இறங்காது.

ஆகவே வாரத்தில் மூன்று நாள், வைகறை வெளுக்கும் முன் இருவரும் ஆற்றங்கரைக்குச் சென்றோம். முதல் நாள் பதினொரு மின்கம்பம் வரை நடந்தார். பன்னிரண்டாவதைக் கண்டதும் “இன்னைக்கு இது போதுங்க” என்று நின்றுவிட்டார். நம் பயிற்சி நாட்கள் ஆறிலிருந்து மூன்றாகச் சுருங்கின. பந்தய நேரங்கள் ஏன் பிந்தின என்று கேட்போர்க்கு இதுவே பாதி விடை. மீதிப் பாதியை வயதின் கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.

ஸபர் மாதத்தில் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்தபோது நிர்வாகக் குழுவின் மூத்தவர் ஒருவர் அருகில் வந்தமர்ந்தார். எழுபதைக் கடந்தவர், மதரஸாவுக்குத் தம் கைப்பொருளை நிறையச் செலவிட்டவர், நம்மீது அன்புடையவர்.

“ஹஜ்ரத், தப்பா எடுத்துக்கக் கூடாது. நாலு பேரு நாலு விதமாப் பேசுறாங்க. நம்ம புள்ளைங்களுக்கு ஓதிக் குடுக்கிறவங்க நீங்க. ரோட்டுல ஓடுனா நல்லாவா இருக்கு? சரி, நீங்களாச்சும் ஆம்பளை. வீட்ல உள்ளவங்களையும் இருட்டோட கூட்டிக்கிட்டுப் போறீங்களாமே?”

“டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காங்க, பாய்.”

“டாக்டரு மாத்திரையும்தானே குடுத்திருக்காரு?”

அவர் பகைமையால் பேசவில்லை. அவர் சொன்னதன் அடியில் ஒரு பழைய நெறி கிடக்கிறது என்பதை நாம் அறிவோம். ஆண்டுதோறும் பிள்ளைகளுக்கு நாமே அதைக் கற்பிக்கிறோம். நபிமொழி அறிவிப்பவர் ஒருவரின் சொல்லை ஏற்க அவர் உண்மையாளராய் இருந்தால் மட்டும் போதாது; ‘முரூஅத்’ எனும் பண்பும் வேண்டும் என்பர் அறிஞர். தம் தகுதிக்கும் தம் காலத்தார் வழக்கத்துக்கும் ஒவ்வாத இழிசெயல்களைத் தவிர்க்கும் மானவுணர்வு என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். கடைத்தெருவில் தின்றுகொண்டே நடப்பதுகூட அதற்குக் குறை எனச் சிலர் எழுதி வைத்திருக்கின்றனர். தெருவில் தின்பதே குறையென்றால் தெருவில் ஓடுவது?

இங்கே ஷுஃபா அவர்களின் செய்தி ஒன்றை நினைவுகூர வேண்டும். ஹிஜ்ரி 160-இல் மறைந்த ஷுஃபா இப்னுல் ஹஜ்ஜாஜ், அறிவிப்பாளரைத் தராசில் நிறுத்துப் பார்த்த பெருந்தகை. ஒருவருடைய அறிவிப்பை அவர் விட்டுவிட்டார். காரணம் கேட்டபோது, அம்மனிதர் ஒரு மட்டக்குதிரையைக் குதிமுள்ளால் குத்தி விரட்டிச் சென்றதைத் தாம் கண்டதாகச் சொன்னாராம். அவ்வளவுதான் குற்றம். பின்வந்த அறிஞர், கதீப் பக்தாதி முதலானோர், இச்செய்தியை எதற்குச் சான்றாக எடுத்தாண்டனர் தெரியுமா? குறை கூறுவோரிடம் காரணத்தை விளக்கிச் சொல்லும்படி கேட்க வேண்டும். ஏனெனில் அவர்கள் குறையெனக் கருதுவது விளக்கிக் கேட்டால் குறையாகவே இராது என்பதற்கு! குதிரையை விரட்டியவரையே விட்டுவிட்டனர் என்றால் தம் காலையே விரட்டிக்கொள்ளும் நமக்கும் சிறிது இடம் இருக்கும் என எண்ணினோம். மூத்தவரிடம் இதைச் சொல்லவில்லை. திண்ணையில் அமர்ந்து நூலாதாரம் காட்டி ஒரு முதியவரின் வாயை அடைப்பதும் முரூஅத்துக்குப் பொருந்தாது.

அவரிடம் சொன்னது வேறு. ஹிஜ்ரி 1440-இல் ஹஜ்ஜுக்குச் சென்றபோது ஸஃபா மர்வாவுக்கு இடையே நாம் கண்ட காட்சியைச் சொன்னோம். ஏழு சுற்றும் சேர்ந்தால் மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேல் வரும். இடையில் பச்சை விளக்குகள் எரியும் பகுதி வந்ததும் ஆண்கள் எல்லாரும் ஓடுகிறார்கள். வங்காளத்துக் கிழவர், துருக்கி நாட்டுத் தொந்தி பெருத்த வணிகர், ஊன்றுகோலைத் தோளில் சாத்திக்கொண்டு ஓடிய ஓர் ஆப்பிரிக்கப் பெரியவர் என எத்தனையோ பேர். அங்கே எவரும் எவரையும் பார்த்து இது அழகா என்று கேட்கவில்லை. அந்த ஓட்டம் ஒரு பெண்மணியின் கால்தடம் அன்றோ! பாலைவனத்தில் தாகத்தால் துடித்த குழந்தைக்காக அன்னை ஹாஜர் ஓடியது அது. மூத்தவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, “அது மக்கா, ஹஜ்ரத். இது நம்ம ஊரு” என்று எழுந்துபோனார். அவர் சொன்னதிலும் பொருள் இல்லாமல் இல்லை.

அந்த மாதத்திலேயே வகுப்பில் ஒரு பையன் எழுந்து நின்றான். இகாமத் ஒலி கேட்டாலும் ஓடி வராதீர். அமைதியாக நடந்து வாருங்கள் என்ற நபிமொழிப் பாடம் அன்று. “ஹஜ்ரத், தொழுகைக்கே ஓடக் கூடாதுன்னா மத்ததுக்கு ஓடலாமா?” என்றான். வகுப்பே கீழ்நோக்கிச் சிரித்தது. கேள்வி எந்த வீட்டிலிருந்து வந்தது என்பதும் விளங்கிற்று. தொழுகைக்கு ஓடலாகாது என்றது, மூச்சிரைக்க வந்து நின்றால் உள்ளம் அதில் ஒன்றாது என்பதற்காக. ஓட்டமே தீது என்பதற்காக அன்று என்று விளக்கிவிட்டு, ஸலமா இப்னுல் அக்வஃ (ரலி) அவர்களின் வரலாற்றைச் சொன்னோம். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. தூ கரத் என்னுமிடத்திலிருந்து மதீனா திரும்பும் வழியில், யாராலும் முந்தப்படாத அன்ஸாரி ஒருவர், மதீனா வரை என்னோடு ஓடுவார் உண்டா எனத் திரும்பத் திரும்ப அறைகூவினார். நாயகம் (ஸல்) அவர்களின் ஒட்டகத்தில் பின்னே அமர்ந்து வந்த ஸலமா, அனுமதி கேட்டுக் குதித்திறங்கினார். இறங்கியதும் பாயவில்லை. ஓரிரு மேடுகள் வரை அவரை முன்னே போகவிட்டு, தம் மூச்சைச் சேமித்து வைத்துக்கொண்டார். பிறகே விரைந்து சென்று எட்டிப் பிடித்து, அவர் தோள்களுக்கிடையே தட்டி முந்தினார்.

நாயகம் அவர்களே அதற்கு இசைவளித்தார்கள் என்பது பிள்ளைகளுக்கு விடை. நமக்கோ அதில் வேறொரு செய்தி கிடைத்தது. ‘மூச்சைச் சேமித்தல்’ என்று ஸலமா சொல்லும் அந்த ஒரு சொல்லில் இன்றைய பயிற்சி நூல்கள் பக்கம் பக்கமாக எழுதுவது அடங்கியிருக்கிறது. தொடக்கத்தில் விரைந்தவர் இறுதியில் நடப்பார். நாற்பது வயதுக்கு மேல் இது விதி.

ரபீயுல் அவ்வலில், அதாவது செப்டம்பரில், மாவட்டத் தலைநகரில் பத்துக் கிலோமீட்டர் ஓட்டம் ஒன்று நடந்தது. நுழைவுக் கட்டணம் உண்டு என்பதால் ஒரு ஃபிக்ஹுச் சிக்கலை முதலில் தீர்க்க வேண்டியிருந்தது. ஓடுவோர் தாமே பணம் போட்டு, முந்தியவர் அதை எடுத்துக்கொள்வதாயின் அது சூதின் வாடையுடையது. ஓட்டப் பந்தயத்தில் பரிசுப்பொருள் வைப்பது பற்றி ஷாஃபிஈ அறிஞர் இறுக்கமும் ஹனஃபி அறிஞர் தளர்வும் காட்டுகின்றனர். ஆயினும் ஓடாத மூன்றாமவர் தரும் பரிசில் தடையில்லை என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்டது. அமைப்பாளரிடம் கேட்டோம். பரிசு ஒரு கடைக்காரரின் அன்பளிப்பு. கட்டணம் தண்ணீருக்கும் பந்தலுக்கும் என்றார். “இத்தனை வருஷத்துல இதக் கேட்ட முதல் ஆள் நீங்கதான், பாய்” என்றும் சொன்னார். ஒரு மணி ஒரு நிமிடத்தில் ஓடி முடித்தோம். முந்தைய ஆண்டைவிட இரண்டு நிமிடம் பிந்தி.

நவம்பர் இறுதியில் பெருமழை. நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் புதுவை அருகே கரை கடந்தது. நம் பகுதியில் ஆற்றங்கரைப் பாதை சேறாயிற்று. இரு வாரம் ஓட்டமும் இல்லை, நடையும் இல்லை. துணைவியார் அதற்குள் நாற்பது கம்பம் வரை எட்டியிருந்தார். மழை நின்றதும் மீண்டும் இருபதிலிருந்து தொடங்கினார், முகம் சுளிக்கவில்லை.

டிசம்பர் 15-இல் கோயம்புத்தூர் மாரத்தான். 2013 முதல் அந்நகரின் புற்றுநோய் அறக்கட்டளையின் பணிக்காக நடந்து வரும் ஓட்டம் அது. நாம் ஓடியது அரை மாரத்தான், 21.1 கிலோமீட்டர். முழு மாரத்தான் 42.195 கிலோமீட்டர் என்ற முழுமையற்ற எண் எப்படி வந்தது என்று வியப்போர் உண்டு. 1908-இல் லண்டன் ஒலிம்பிக்கில் விண்ட்சர் அரண்மனையில் தொடங்கி அரச குடும்பத்தார் அமர்ந்திருந்த இடத்தின் முன் முடிக்க அமைந்த தொலைவு அது. 1921-இல் அதையே நிலையான அளவாக்கிவிட்டனர். ஒரு மன்னர் வீட்டு வசதிக்காக உலகமெல்லாம் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக மூச்சிரைக்கிறது.

விடியும் முன் இருட்டில் ஓட்டம் தொடங்கிற்று. முடித்த பின் தொழலாம் என்றால் கதிரவன் எழுந்துவிடும். எனவே ஒளுவோடு புறப்பட்டு, ஆறாவது கிலோமீட்டருக்கு அருகில் சாலையோரத்தில் ஒதுங்கி ஸுப்ஹுத் தொழுதோம். மூச்சு அடங்க இரண்டு நிமிடம், தொழுகைக்கு நான்கு. காலணியில் கட்டியிருந்த சிறு மின்பொறிக்கு நாம் நின்றதும் தெரியாது, எதற்கு நின்றோம் என்பதும் தெரியாது. சான்றிதழில் 2 மணி 21 நிமிடம் என்று அச்சாயிற்று. முந்தைய ஆண்டு, தொழுகையைத் தொடங்குமுன்பே முடிக்க வாய்த்தபோது 2 மணி 13. எட்டில் ஆறைக் கழித்துக்கொள்ளுமாறு நாம் யாரிடமும் கேட்கவில்லை.

ஓட்டத்தின் நடுவே நம்மைத் தாங்குவது இலக்கணந்தான் என்றால் வாசகர் நகைக்கக்கூடும். தவாஃபின் முதல் மூன்று சுற்றில் தோளை அசைத்து விரைந்து செல்லும் நடைக்கு ‘ரமல்’ என்று பெயர். கலீல் இப்னு அஹ்மத் வகுத்த அரபி யாப்பில் ஒரு சந்தத்துக்கும் அதுவே பெயர். ஃபாஇலாதுன், ஃபாஇலாதுன், ஃபாஇலாதுன் என்று அது போகும். இதைத் தமிழில் அலகிட்டுப் பாருங்கள்: ஃபா நேர், இலா நிரை, துன் நேர். கூவிளங்காய்! அரபியும் தமிழும் ஒரே சீரில் காலெடுத்து வைக்கும் இடம் இது. ஃபா-இ-லா-துன் என நான்கு ஒலிக்கு நான்கு அடி. இரண்டடிக்கு மூச்சை இழுத்து இரண்டடிக்கு விட்டால் ஒரு சீருக்கு ஒரு மூச்சு. பதினேழாம் கிலோமீட்டருக்கு மேல் தொடைகள் கல்லாகும்போது நாம் எண்ணுவது தொலைவையன்று, சீரை. அருகில் ஓடிய கல்லூரி மாணவர் ஒருவர் நம் வாய் அசைவதைக் கண்டு, “என்ன அங்கிள், மந்திரமா?” என்றார். கூவிளங்காய் என்றோம். ஏதோ சத்துக்காய் போலும் என்று தலையசைத்துவிட்டு முந்திச் சென்றார்.

சென்னையில் 2025 ஜனவரி 5-இல் நடந்த ஓட்டத்தைப் பற்றி மிகுதியாகச் சொல்ல ஒன்றுமில்லை. பத்துக் கிலோமீட்டர், 61 நிமிடம், பெருங்கூட்டம். ஒன்று மட்டும் நெஞ்சில் நிற்கிறது. தொடங்குமுன் நேப்பியர் பாலத்துக்கு அருகில் நடைபாதையில் துண்டை விரித்துத் தொழ நின்றோம். தக்பீர் சொல்லும்போது தனியே இருந்தோம். ஸலாம் கொடுத்துத் திரும்பியபோது பின்னால் எட்டு இளைஞர் வரிசையாக அமர்ந்திருந்தனர். எண் அட்டை குத்திய எட்டு மார்புகள். பெயர் கேட்க நேரமில்லை. அழைப்பு ஒலித்துவிட்டது.

பிப்ரவரியில், ஷஃபானில், ஆரோவில்லில் ஓடினோம். 1968-க்கு முன் வெறும் செம்மண் பொட்டலாய்க் கிடந்து, பின்னர் நட்டு வளர்த்த காட்டினூடே செல்லும் பாதை. அங்கே நேரம் குறிப்பதில்லை, முதல்வர், இரண்டாமவர் என்று எவரும் இல்லை, பரிசும் இல்லை. ஃபிக்ஹுச் சிக்கலும் இல்லை என்று நாம் மகிழ்ந்தோம். துணைவியார் உடன் வந்து ஒரு மரத்தடியில் பேரீச்சம்பழ டப்பியோடு அமர்ந்திருந்தார். எழுபது வயதுக்கு மேற்பட்ட பெண்கள் சிலர் காலணியைக் கையில் பிடித்தவாறு வெறுங்காலில் நடந்து வருவதை அவர் நெடுநேரம் பார்த்திருந்ததாகப் பிறகு சொன்னார். “அவங்கள்லாம் யாருக்கும் பதில் சொல்ல வேணாம் போல” என்றார். அதற்கு நம்மிடம் மறுமொழி இல்லை.

ஏனெனில் அந்த மாதந்தான் நாம் பதில் சொல்ல வேண்டிய மாதம். ஷஃபான் இறுதியில் நிர்வாகக் குழு கூடி, வரும் ஆண்டுக்கு ஆசிரியர்களை வைத்துக்கொள்வதா என முடிவு செய்யும். நம் ஓட்டம் பற்றிய பேச்சு அங்கே வந்தது. துணைவியார் நடையும் வந்தது. அதைவிட இதுவே பலரை உறுத்தியது என்பது பேச்சின் போக்கில் தெரிந்தது. அப்போது அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தியை எடுத்துரைத்தோம். அபூதாவூதில் உள்ளது; அறியாதவர் அங்கு இல்லை. பயணம் ஒன்றில் நாயகம் (ஸல்) அவர்கள் தம் துணைவியாரோடு ஓடிப் பார்த்தார்கள், அன்னையே முந்தினார்கள். பின்னொரு காலம் அன்னைக்கு உடல் சற்றுப் பருத்திருந்தபோது மீண்டும் ஓடினார்கள். இம்முறை நாயகம் முந்தி, முன்னைய தோல்விக்கு இது ஈடாயிற்று என்று நகைத்தார்கள். உடன் வந்தோரை முன்னே போகச் சொல்லிவிட்டே ஓடினார்கள் என்றும் ஓர் அறிவிப்பு உண்டு. மறைவும் பேணப்பட்டது, மகிழ்வும் இருந்தது. நாமும் ஊர் எழுமுன் போகிறோம், ஊர் எழுமுன் திரும்புகிறோம் என்றோம்.

ஓடலாம் என்று தீர்மானமில்லை. ஓடலாகாது என்றும் இல்லை. தேநீர் வந்தது, பேச்சு கூரை ஒழுகலுக்குத் திரும்பிற்று. நம்மை வைத்துக்கொண்டார்கள். ஊதிய உயர்வு மட்டும் அவ்வாண்டு எல்லார்க்கும் வந்து நமக்கு வரவில்லை. ஷவ்வாலில் மதரஸா திறந்தபோது இரண்டு வீட்டார் தம் பிள்ளைகளை அனுப்பவில்லை. ஒரு வீட்டார் பிறகு அனுப்பினர். மற்றப் பையன், ஸர்ஃபில் நல்ல கூர்மையுடையவன், வேறிடத்தில் ஓதுகிறான். அவன் அமர்ந்த இடத்தைப் பார்க்கும்போது சற்று வலிக்கத்தான் செய்கிறது.

ரமளானில் பந்தயம் ஏது? நோன்பு திறக்க அரைமணி இருக்கையில் மெல்ல ஓடி, வியர்வையோடு வந்து பேரீச்சம்பழத்தைக் கையிலெடுக்கும் இன்பம் தனி. அதற்குமேல் இருபது ரக்அத் தராவீஹே போதிய பயிற்சி. பெருநாளுக்குப் பின் துணைவியார்க்கு மீண்டும் சோதனை செய்ததில் 7.8 வந்தது. தாளை அவரே வாங்கிப் படித்தார். மடித்துக் குர்ஆன் அலமாரியில், ரைஹாலுக்குக் கீழே வைத்தார்.

கோடையில் முழங்கால் சற்றுத் தொல்லை தந்ததால் நம் ஓட்டம் நடையாயிற்று. அப்போது மேலைநாட்டு முதியவர் ஒருவரை அடிக்கடி நினைத்துக்கொண்டோம். எட் விட்லாக் என்பவர், கனடாவில் வாழ்ந்த ஓய்வுபெற்ற பொறியாளர். 2004-இல், தம் எழுபத்து மூன்றாம் வயதில், முழு மாரத்தானை 2 மணி 54 நிமிடத்தில் ஓடியவர். எண்பத்தைந்தாம் வயதில் 2016-இல் நான்கு மணிக்குள் ஓடி முடித்தார். மறு ஆண்டு மறைந்தார். அவர் பயின்ற இடம் வீட்டருகே இருந்த கல்லறைத் தோட்டம். நாள்தோறும் மணிக்கணக்காக அதையே சுற்றிச் சுற்றி ஓடுவாராம். மையவாடியில் ஓடுவது நம் மரபுக்கு ஒவ்வாதுதான். ஆயினும் முழங்கால் வலிக்கும்போதெல்லாம் அவர் பல மாதம் ஓட்டத்தை நிறுத்திக் காத்திருந்து மீண்டும் முதலிலிருந்து தொடங்குவார் என்பது நமக்கு ஆறுதலாயிருந்தது. இருபதாவது கம்பத்திலிருந்து மீண்டும் தொடங்கிய ஒருவரை நாம் வீட்டிலேயே கண்டிருக்கிறோம் என்பதும் நினைவுக்கு வந்தது.

2025-இல் மேட்டூர் அணை ஜூன் 12-ஆம் நாளே திறக்கப்பட்டது. துல்ஹஜ் மாதத்தின் கடைசி வாரத்தில் ஒரு வைகறை, மதகு வரை நடந்து சென்றோம். வீட்டிலிருந்து தொண்ணூற்று மூன்றாவது கம்பத்துக்கு அப்பால் அந்த மதகு. நீர் அதில் இரைந்துகொண்டிருந்தது. துணைவியார் கைப்பிடிச் சுவரில் அமர்ந்து காலணி நாடாவை அவிழ்த்து மீண்டும் இறுக்கிக் கட்டினார். கரையில் வாத்து மேய்ப்பவர் ஒருவர் தவிர எவரும் இல்லை. அவரும் போர்வைக்குள் உறங்கிக்கொண்டிருந்தார்.

“ஏங்க, அந்தக் கம்பம் வரைக்கும் ஓடிப் பாப்போமா?”

ஓடினோம். யார் முந்தினார் என்பதை இங்கே எழுத நமக்கு அனுமதி கிடைக்கவில்லை.